மூன்றாம் மதிப்பீட்டாளருக்கு மனமார்ந்த நன்றி

"ராத்திரியில நிழலோட நிலைமை என்னன்னு கேட்டிருக்காங்க."

"யாரு?"

"இரண்டாம் மதிப்பீட்டாளர்."

"ஏன், அவங்க ஊர்ல ராத்திரியும் வெயில் அடிக்குதா?"

கேட்டவர் கணவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். கியருக்கும் கைப்பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கும் பதறாத மனிதராகிவிட்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். மனைவி மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி, சூடு ஆறிப்போன காப்பியை வாயில் வைத்து, அது காப்பி என்பதே நினைவில்லாமல் விழுங்கினாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் கட்டடவியல் விரிவுரையாளர். தற்காலிகம். வீட்டுக்கு வந்த விருந்தாளிகூட இத்தனை வருஷம் தங்கினால் ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்துவிடுவார்கள், அவளை மட்டும் பல்கலைக்கழகம் ஒவ்வொரு ஜூனிலும் "போகிறீர்களா, இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கேட்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கல்வியாண்டு முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது மதிப்பீட்டாளர்கள் படித்துச் சரிபார்க்கும் ஆய்விதழ் ஒன்றில் ஏற்கப்பட வேண்டும். ஏற்கப்பட்டால் பணி நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு நிரந்தரம்.

கட்டுரை என்னவோ நல்ல கட்டுரைதான். ஊரில் பேருந்து நிறுத்தங்களுக்கெல்லாம் புதிதாகக் கூரை போட்டிருந்தார்கள். ஆனால் பிற்பகலில் ஒருவரும் அதன் கீழே நிற்பதில்லை. ஏன்? அவள் போய் நின்று பார்த்தாள். ஒரு கோடை முழுவதும் பார்த்தாள். கூரை முன்பக்கம் அழகாக இறக்கை விரித்தமாதிரி தூக்கி நின்றது. அந்த அழகு வழியாக வெயில் உள்ளே வந்து பெஞ்சில் கால்நீட்டிப் படுத்துக்கொண்டது. கூரையின் நிழலோ பின்னாலிருந்த சாக்கடையின்மேல் போய் விழுந்தது. பேருந்துக்கு நிற்கிறவர்கள் பக்கத்து விளக்குக் கம்பத்தின் நிழலில், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி, ஒற்றை வரிசையாக நின்றார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்தது. 'கூரையின் முன்பக்கத்தைத் தாழ இறக்கினால் போதும்' என்று முடித்திருந்தாள். எட்டே பக்கம். மாணவர்கள் அவளுக்கு நிழல் டீச்சர் என்று பெயர் வைத்ததும் அந்தக் கோடையில்தான்.

"சரி, என்ன பதில் எழுதப்போற?" என்றார் கணவர்.

"எழுதிட்டேன். 'இரவில் வெயில் இல்லை. ஆகவே நிழல் அளக்கப்படவில்லை.'"

"சரியாத்தானே இருக்கு."

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

பயம் வீண்போகவில்லை. மறுநாள் துறைத்தலைவர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், இதை வேற யாருகிட்டயாவது காட்டினீங்களா?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"அவர் வெளியில சொல்லமாட்டாரே? நல்லது. மதிப்பீட்டாளருக்கு 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. மையத்துக்குப் போங்க. இப்பவே போங்க."

மையம் என்றால் மறுமொழி மேம்பாட்டு மையம். முன்பு அது ஊழியர் உணவகமாக இருந்தது. இங்கே யாரும் சாப்பிடாமல்கூட இருந்துவிடலாம், மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதத் தெரியாமல் இருக்க முடியாது என்று ஆட்சிக்குழு முடிவெடுத்து, அடுப்பை அகற்றிக் கம்பளம் விரித்தது. செருப்பை வெளியே விட வேண்டும். சுவரில் நன்றியின் படிநிலைகளை ஏணி படம் போட்டு மாட்டியிருந்தார்கள். அடிப்படியில் 'நன்றி'. அதற்குமேல் 'மிக்க நன்றி', 'மனமார்ந்த நன்றி'. உச்சிப்படியில் 'தங்கள் கருத்துக்கு முன்பு இக்கட்டுரை இருந்ததாகவே நாங்கள் கருதவில்லை'.

மைய இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்த பிறகு நாற்காலிக்கும் நன்றி சொல்வார்போல் இருந்தது.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும் டீச்சர். மதிப்பீட்டாளர் கேட்கிறது கேள்வி இல்ல, கொடை. கொடை குடுத்தவரைப் பார்த்து 'வெயில் இல்லை'ன்னு சொல்லலாமா?"

"ஆனா, ராத்திரியில வெயில் இல்லையே சார்."

"இல்லைங்கிற சொல்லே இந்த அறையில கிடையாது. 'ஆம்' இருக்கு. 'ஆம், உடனடியாக' இருக்கு. 'தங்கள் கருத்து எங்கள் கண்ணைத் திறந்தது' இருக்கு."

"கண்ணு திறந்துதான் சார் இருந்தது."

"மூடிக்கிட்டுத் திறக்கணும். அதுதான் பண்பு." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "என் அனுபவத்துல சொல்றேன். நான் வாழ்க்கையில ஒரே ஒரு கட்டுரைதான் எழுதினேன். அதுக்கு எழுதின மறுமொழி இருக்கே, புத்தகமா போடலாம். படிச்ச மதிப்பீட்டாளர் அழுதுட்டார்னு கேள்வி. கட்டுரை எதைப் பத்தின்னு மட்டும் கேட்காதீங்க, சட்டுன்னு ஞாபகம் வரலை. மறுமொழி வரிக்கு வரி மனப்பாடம்."

பிறகு இருவரும் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கட்டுரை மிக நீளம், பாதியாக்குக என்றிருந்தார் முதலாம் மதிப்பீட்டாளர். மிகச் சுருக்கம், இரட்டிப்பாக்குக என்றிருந்தார் இரண்டாமவர்.

"இதுக்கு என்ன சார் பண்றது?"

"ரெண்டு பேருக்கும் ஆம். விஷயத்தை இரட்டிப்பாக்குவோம், எழுத்தைப் பொடியாக்கிப் பக்கத்தைப் பாதியாக்குவோம். அடுத்தது?"

"கிளிஞ்சல்."

"என்னது?"

"முதலாம் மதிப்பீட்டாளர் கேட்டிருக்கார். 'கிளிஞ்சலின் ஓடும் உள்ளிருக்கும் பிராணிக்கு நிழல் தருவதே. அத்துறையின் முன்னோடிக் கட்டுரைகளை ஆசிரியர் புறக்கணித்திருப்பது வியப்பளிக்கிறது.' கீழே வரிசையாக் குடுத்திருக்கார். எல்லாமே ஒரே ஆள் எழுதினது சார்."

"அப்ப அவர் முன்னோடிதான்."

"அந்த முன்னோடியே இவர்தானோ என்னவோ?"

"ஸ்ஸ்!" இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். "மதிப்பீட்டாளர் யாருன்னு யாருக்கும் தெரியாது டீச்சர். தெரிஞ்சாலும் தெரியாது. அந்த ஒரு தூண்லதான் அறிவுலகமே நிக்குது."

அன்று சாயங்காலம் கட்டுரையை மையத்திலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சலவைக்குப் போட்ட துணிமாதிரி. திருத்தி, மறுமொழி எழுதி, அவர்களே இதழுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்க்க வேண்டாமா சார்?"

"எழுதினவங்க பார்த்தா வாதாடத் தோணும். அதனால பார்க்கக்கூடாதுன்னு விதி. நீங்க நிம்மதியாப் போங்க."

நிம்மதியாகப் போனாள். வேறு வழியில்லாத நிம்மதி.

கட்டுரை போய்ச் சேர்ந்தது என்று இதழிலிருந்து செய்தி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மறுமொழி அனுப்பிய ஆசிரியர் எவராயினும், வேறொருவர் கட்டுரையை மதிப்பிட்டுக் கொடுத்தால்தான் அவருடைய கோப்பு நகருமாம். ஆசிரியர்களின் பெயரை மறைத்து, துறைச்சொல்லைப் பார்த்து, இயந்திரமே பொருத்தமான ஆளைத் தேர்ந்தெடுக்குமாம். அவள் பதிந்திருந்த துறைச்சொற்கள் இரண்டு: நிழல், காத்திருத்தல். உலகத்திலேயே காத்திருத்தலைத் துறை என்று ஒப்புக்கொண்டு பதிந்தவள் அவள் ஒருத்திதான்.

கட்டுரையைத் திறந்தாள். தலைப்பு: 'கதிர்வீச்சு மூலத்தின் கீழ் எதிர்நோக்கு நிலை அலகுகள்: ஒரு கிளிஞ்சலியல் அணுகுமுறை'.

"என்னங்க! இங்க வாங்களேன்!"

கணவர் பல் துலக்கும் பிரஷோடு வந்தார்.

"சிக்கிட்டாரு."

"யாரு?"

"கிளிஞ்சல்காரரு. என் கட்டுரையில கிளிஞ்சலைப் போடச் சொன்னாரே, அதே ஆளு. அவரோட கட்டுரையே என்கிட்ட மதிப்பீட்டுக்கு வந்திருக்கு. பேரை மறைச்சா தெரியாதா? பக்கத்துக்குப் பக்கம் அவர் எழுதினதையே மேற்கோள் காட்டியிருக்காரு!"

"கடவுள் இருக்கார்ங்கிற. சரி, பழிவாங்கப் போறியா?"

"சேச்சே. மதிப்பிடப் போறேன்."

"ரெண்டுக்கும் ஒரே பெடல்தானே. பார்த்து அமுக்கு."

அவள் பார்த்துத்தான் அமுக்கினாள், முழுக்க அமுக்கினாள். கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில், எடுத்த எடுப்பில் கடற்கரை. அப்புறம் ஓட்டின் தடிமன். அப்புறம் 'ஒளியின்மைக் காலத் தரவு' என்று ஓர் அட்டவணை, மேலிருந்து கீழே வரை பூஜ்யம். யார் எதற்காக எங்கே நிற்கிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. 'அலகுகள்' நின்றன. 'மேல்மறைப்பு' இருந்தது. முடிவுரையில் 'மேலும் ஆய்வு தேவை' என்றிருந்தது.

இத்தனை மாதமாக நன்றி நன்றி என்று குனிந்த முதுகு அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. எழுதினாள்:

'இக்கட்டுரையின் ஆசிரியர் வெயிலில் ஒருநாளும் நின்றவரல்லர். பூஜ்யங்களை அட்டவணையாக அடுக்குவது ஆராய்ச்சி அன்று, கோலி விளையாட்டு. கிளிஞ்சல்கள் அனைத்தையும் எடுத்துக் கடலில் போடுக. எதிர்நோக்கு நிலையை அறிய விரும்பினால் ஆசிரியர் ஏதாவதொரு பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டு வந்து எழுதட்டும். எட்டுப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.'

எழுதி முடித்தும் கை நிற்கவில்லை. ருசி கண்ட பூனை. இத்துறையில் பயனுள்ள ஒரே குறிப்பு இது என்று, தான் முன்னொரு கருத்தரங்கில் வாசித்த சின்னக் குறிப்பு ஒன்றையும் சேர்த்தாள். 'இதை ஆசிரியர் புறக்கணித்திருப்பது வியப்பளிக்கிறது.'

கணவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். "இது உன்னோடதுதானே?"

"ஆமா."

"அப்ப அவருக்கும் உனக்கும்..."

"நீங்க போய்ப் படுங்க."

அனுப்பிவிட்டுச் சுகமாகத் தூங்கினாள். நல்ல மதிப்பீடு ஒன்று எழுதினால் உடம்புக்கே ஆரோக்கியம் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

கல்வியாண்டு முடிய இரண்டே வாரம் இருக்கும்போது மையத்திலிருந்து அழைப்பு வந்தது. போனால், துறைத்தலைவரும் உட்கார்ந்திருந்தார். இயக்குநரின் முகத்தில் துக்கவீட்டுக் களை.

"டீச்சர், மனசைத் திடப்படுத்திக்கங்க. முதலாமவர் திருப்தி. இரண்டாமவர் திருப்தி. புதுசா மூணாவதா ஒருத்தரைப் போட்டிருக்காங்க."

"மூணாவதா?"

"விஷம் டீச்சர், விஷம். படிக்கவே நா கூசுது." இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'இக்கட்டுரையின் ஆசிரியர் வெயிலில் ஒருநாளும் நின்றவரல்லர்.'"

அந்த வரி நிழல் டீச்சரே எழுதியது.

"'கோலி விளையாட்டு'ங்கிறாரு. 'கடலில் போடுக'ங்கிறாரு. யாரோ வயசான ஆளு. ஜீரணக்கோளாறு இருக்கும். வீட்டுல மதிக்கமாட்டாங்க."

"கல்யாணமே ஆகியிருக்காது சார்," என்றார் துறைத்தலைவர். "நடையைப் பார்த்தா தெரியலை?"

"கடைசியில பாருங்க அல்பத்தனத்தை. யாரோ எங்கேயோ வாசிச்ச ஒரு துண்டுக் குறிப்பை மேற்கோள் காட்டணுமாம். அந்தக் குறிப்பை எழுதினவருக்கும் இவருக்கும் என்ன உறவோ!"

அவள் மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தாள். அது இயக்குநருடைய தண்ணீர்.

"சார்... நீங்க அனுப்பின கட்டுரையை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

"பார்க்கக்கூடாதுங்கிறது விதி."

"தலைப்பு மட்டும்."

தலைப்பைக் காட்டினார்கள். மிச்சத்தை அவளே கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். கிளிஞ்சலியல். எட்டுப் பக்கக் கட்டுரை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாய் உருமாறி, பேருந்து நிறுத்தம், அன்று அவள் கண்ணில் படாத கடைசிப் பக்க அடிக்குறிப்பில், மூச்சுவிட இடமில்லாமல் ஒடுங்கிக் கிடந்தது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் தெருவில் வைத்து அறைந்துவிட்டு வந்து சுகமாகத் தூங்கியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு வந்தார்.

"உண்மையைச் சொல்லிடு. வேற வழி?"

"சொன்னா என்னைத் திருடின்னு சொல்லுவாங்க. என் கட்டுரைக்கு நானே மதிப்பீடு எழுதினேன்னு."

"கிழிகிழின்னு கிழிச்சுத்தானே எழுதியிருக்க? எந்தத் திருடி தன் வீட்டுலயே திருடுவா?"

சொல்லிவிட்டாள். இதழின் பதிப்பாசிரியருக்கு நேர்மையாக ஒரு மடல் எழுதினாள்: தவறு நடந்துவிட்டது, மூன்றாம் மதிப்பீட்டாளர் நான்தான், அந்த மதிப்பீட்டைத் தயவுசெய்து நீக்கிவிட்டு வேறொருவரிடம் கொடுங்கள்.

மறுநாளே பதில் வந்தது.

'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. மதிப்பீட்டாளர் யார் என்பது ஆசிரியருக்குத் தெரியக்கூடாது என்பது எங்கள் இதழின் உயிர்நாடி. ஆகவே தாங்கள் யார் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாங்கள்தான் தாங்கள் என்பதை எங்களால் உறுதிசெய்யவும் இயலாது, மறுக்கவும் இயலாது. மூன்றாம் மதிப்பீட்டாளரைத் தொடர்புகொள்ள முயல வேண்டாம் என்று எச்சரிக்கிறோம். அவருடைய கருத்துகளுக்கு வரிசையாக மறுமொழி அனுப்புக.'

கணவர் அதை இரண்டு தடவை படித்தார். "உன்னை நீயே தொடர்புகொள்ளக்கூடாதாம். கண்ணாடி பார்க்கலாமான்னு கேட்டுக்க."

சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவள் மையத்துக்குப் போனாள். ஆனால் அங்கே ஓர் அதிசயம் காத்திருந்தது. மையத்தின் விதி, எல்லாவற்றுக்கும் ஆம். மூன்றாமவருக்கும் ஆம்.

"கிளிஞ்சலைப் பூரா எடுக்கணுமாம். ஆம். பூஜ்யத்தை எடுக்கணுமாம். ஆம். பேருந்து நிறுத்தத்துல போய் நிக்கணுமாம்." இயக்குநர் தலையில் கைவைத்தார். "இப்ப போய் நின்னு, பார்த்து, எழுதி, அதுவும் எட்டே பக்கத்துல... பத்து நாள்ல எப்படி டீச்சர் முடியும்? உங்க வேலை போச்சே!"

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு சார். பேருந்து நிறுத்தத்தைப் பத்தி. எட்டுப் பக்கம்."

"எப்ப எழுதினது?"

"முதல்ல."

இயக்குநர் அந்தப் பழைய கட்டுரையை வாங்கிப் புரட்டினார். மூன்றாமவர் கேட்டது அத்தனையும் அதில் இருந்தது. கண்கள் பனித்தன.

"என்ன தீர்க்கதரிசனம் பாருங்க, அந்த மதிப்பீட்டாளருக்கு!"

மறுமொழியை இயக்குநரே எழுதினார். ஏணியின் உச்சிப்படியிலிருந்து எழுதினார். தங்கள் கருத்துக்கு முன்பு இக்கட்டுரை இருந்ததாகவே நாங்கள் கருதவில்லை என்று தொடங்கி, வெயிலில் நின்றதில்லை என்று சுட்டியமைக்கு நன்றி, கடலை நினைவூட்டியமைக்கு நன்றி, அந்த அரிய துண்டுக் குறிப்பை அறிமுகம் செய்தமைக்குத் தலைமுறை தலைமுறையாக நன்றி என்று போயிற்று. கட்டுரை எட்டுப் பக்கம். நன்றி இருபத்திரண்டு.

மூன்றாம் நாள் அந்த இருபத்திரண்டு பக்கமும் இதழ் வழியாகச் சுற்றிக்கொண்டு மூன்றாம் மதிப்பீட்டாளரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவள் மறுபடியும் பதிப்பாசிரியருக்கு எழுதினாள்: இதை மதிப்பிட எனக்குத் தகுதியில்லை, கட்டுரை என்னுடையது. மறுபடியும் மேலான கருத்துக்கு நன்றி வந்தது. குறித்த நாளுக்குள் மதிப்பீடு வராவிட்டால் கட்டுரை தானாகவே நிராகரிக்கப்படும் என்ற செய்தியும் அடியில் வந்தது.

"பயிற்சி வண்டியில ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கும்," என்றார் கணவர். "ரெண்டுலயும் நீயே உட்கார்ந்திருந்தா என்ன பண்றது? யாராவது ஒருத்தர் காலை எடுக்கணும்."

அவள் கட்டுரையை முதலிலிருந்து படித்தாள். பிறர் எழுதியதைப் படிக்கிறமாதிரியே படித்தாள். விளக்குக் கம்பமும், ஒற்றை வரிசையும், பெஞ்சில் படுத்திருக்கிற வெயிலும் அதனதன் இடத்தில் இருந்தன. நல்ல கட்டுரைதான், கம்பத்தின் உயரத்தை மட்டும் சொல்ல மறந்திருந்தாள். அதைக் கேட்டு எழுதினாள். தன் துண்டுக் குறிப்பை எடுத்துவிடச் சொன்னாள். கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: 'நன்றிகள் வேண்டாம். அவற்றை நீக்கிவிட்டு அனுப்பினால் கட்டுரையை ஏற்கலாம்.'

அந்த வரி மையத்தைக் குலைத்துவிட்டது. இயக்குநர் கம்பளத்தின்மேல் செருப்போடு நடந்தார்.

"நன்றி வேண்டாமாம்! என்ன டீச்சர் இது? நன்றியை எடுத்துட்டா மறுமொழியில என்ன இருக்கும்?"

"கம்பத்தோட உயரம் சார்."

"உயரம்!" அவர் நாற்காலியில் விழுந்தார். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது. பேனாவை எடுத்தார். "வழி இருக்கு. எழுதிக்கங்க. 'நன்றி வேண்டாம் என்ற தங்கள் மேலான கருத்துக்கு எங்கள் மனமார்ந்த...'"

"சார், நாளைக்குக் கடைசி நாள்."

"'...என்றென்றும் கடப்பாடுடைய...'"

அவள் எழுந்து வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நடையில் நின்றபடியே கைப்பேசியில் இதழின் பக்கத்தைத் திறந்தாள். 'கம்பத்தின் உயரம் சேர்க்கப்பட்டது. மற்றவை நீக்கப்பட்டன' என்று அடித்து, கட்டுரையை இணைத்து அனுப்பினாள். உள்ளே இயக்குநர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டுரை ஏற்கப்பட்டது. முதலாமவர் கிளிஞ்சல் காணோம் என்று ஆட்சேபித்தாராம். பதிப்பாசிரியர் தள்ளிவிட்டார். 'மூன்றாம் மதிப்பீட்டாளரின் கருத்தே இறுதியானது. மூவரில் அவர் ஒருவரே கட்டுரையைப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது' என்று எழுதியிருந்தார்.

பணி நிரந்தர ஆணை கைக்கு வந்த அன்று பிற்பகல், நிழல் டீச்சர் பல்கலைக்கழக வாசலில் பேருந்துக்கு நின்றாள். கூரைக்குக் கீழே பெஞ்சு வெயிலோடு காலியாகக் கிடந்தது. விளக்குக் கம்பத்தின் நிழலில் ஏற்கெனவே ஐந்தாறு பேர். கடைசியில் நின்ற அம்மாள் ஓரடி முன்னே நகர்ந்து, "வாங்க, இன்னும் ஒரு ஆளுக்கு இருக்கு," என்றாள்.

கைப்பேசி அடித்தது. இயக்குநர்.

"டீச்சர்! ஆட்சிக்குழு ஒரு முடிவு எடுத்திருக்கு. மூன்றாம் மதிப்பீட்டாளருக்குப் பாராட்டு விழா."

"அவர் யாருன்னு தெரியாதே சார்."

"தெரியாது. அதனால மேடையில காலி நாற்காலி போட்டு, அதுல கேடயத்தை வெச்சிடுறோம். துணைவேந்தர் நாற்காலியைப் பத்திப் பேசுறார். நான் நாற்காலியோட பணிவைப் பத்திப் பேசுறேன். நீங்க நன்றியுரை."

"நாற்காலிக்கா?"

"உங்களைவிட அவருக்குக் கடமைப்பட்டவங்க யாரு டீச்சர்?"

அவள் கம்பத்து நிழலுக்குள் நகர்ந்து நின்றாள். "எங்க சார் விழா?"

"மைதானத்துல. நாளைக்கு மூணு மணிக்கு. பெரிய கூடாரம் போட்டாச்சு. முன்பக்கம் நல்லா தூக்கி, இறக்கை விரிச்சமாதிரி, பிரமாதமா இருக்கு."

"மேற்குப் பார்த்தா சார்?"

"மேற்குப் பார்த்துத்தான். ஏன்?"

"மூணு மணிக்கு அந்தக் கூடாரத்தோட நிழல் எங்க விழும்னு பார்த்தீங்களா?"



"தங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றி, டீச்சர்," என்று சொல்லி இயக்குநர் வைத்துவிட்டார்.